நெட்வொர்க் பூட் தாமதமானால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

மேசைக் கணினி ஒன்று தன் வட்டைத் தொடாமல் நெட்வொர்க் வழியாகவே தொடங்கும்போது, பவர் பொத்தானை அழுத்தியது முதல் உள்நுழைவுத் திரை தோன்றுவது வரை பல மென்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுப்பை ஏற்கின்றன. தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள் முதலில் நெட்வொர்க் கார்டை எழுப்புகிறது. அதிலுள்ள பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியாகப் பூட் ஆவதற்கான) நிரல், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி நெறிமுறை மூலம் ஐபி முகவரியையும் பூட் கோப்பின் பெயரையும் கேட்டு வாங்குகிறது. பிறகு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை மூலம், இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறிய நிரலான பூட்லோடர் இறங்குகிறது. அந்தப் பூட்லோடர், இயங்குதளத்தின் மையமான கர்னலையும் அது தொடங்கத் தேவையான கோப்புகள் அடங்கிய தொடக்க நினைவக வட்டையும் இறக்குகிறது. கடைசியில் கர்னல் தன் சொந்த டிரைவரை (கார்டை இயக்கும் நிரலை) கொண்டு நெட்வொர்க் கார்டை மறுபடி எழுப்பி, இயங்குதளக் கோப்புகள் அடங்கிய மூலக் கோப்பமைப்பைச் சர்வரிலிருந்து ஏற்றுகிறது. இவற்றுள் எந்த இடத்தில் நேரம் செலவாகிறது என்று தெரியாத வரை, எந்த அமைப்பை மாற்றினாலும் அது குருட்டு முயற்சியாகவே இருக்கும்.

'மெதுவாகப் பூட் ஆகிறது' என்ற ஒரே புகாருக்குள் இரண்டு வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, எதுவுமே நடக்காத காத்திருப்பு. மற்றொன்று, வேலை நடந்துகொண்டே இருந்தும் தரவு சொட்டுச் சொட்டாக வருவது. காத்திருப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு டைமர் இருக்கும். டைமரின் அளவை ஏதோ ஒரு தர ஆவணத்திலோ மென்பொருளின் இயல்பு அமைப்பிலோ முன்பே எழுதிவைத்திருப்பார்கள் என்பதால், 30, 60, 90, 120 விநாடி போன்ற முழு எண்களில் தாமதம் ஏற்பட்டால், எந்த டைமர் முடிவதற்காகக் கணினி காத்திருந்தது என்பதை அந்த எண்ணை வைத்தே பெருமளவு ஊகித்துவிடலாம். சொட்டுச் சொட்டாக வருவதற்கோ பாக்கெட்டின் அளவு, போய்வரும் நேரம், இழப்பு, இணைப்பின் வேகம் ஆகியவையே காரணம். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் முதல் வேலை. பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

நெட்வொர்க் பூட் தேவையே இல்லாத கணினி

உங்கள் கணினி உள் வட்டிலிருந்துதான் தொடங்குகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரையில் பிஎக்ஸ்இ செய்தி தோன்றி ஒரு நிமிடம் வீணாகிறது என்றால், இங்கே ஆராய வேண்டியது எதுவும் இல்லை. பூட் வரிசையில் நெட்வொர்க் கார்டு வட்டுக்கு முன்னால் வந்துவிட்டது, அவ்வளவே. பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ (ஃபர்ம்வேரின் பழைய, புதிய வடிவங்கள்) அமைப்புத் திரைக்குச் சென்று வட்டை முதலிடத்தில் வையுங்கள். நெட்வொர்க் ஸ்டேக் என்ற அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சரியாக இருந்த வரிசை திடீரென்று மாறியிருந்தால், தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் இயல்பு நிலைக்குத் திரும்பினவா, அல்லது வட்டே ஃபர்ம்வேருக்குத் தெரியாமல் போய்விட்டதா என்று மட்டும் பாருங்கள். வட்டு தெரியாமல் போயிருந்தால் அது நெட்வொர்க் சிக்கல் அல்ல. தரவைக் காப்பாற்றும் வேலையை உடனே தொடங்க வேண்டும்.

எதையும் மாற்றுமுன் அளந்து பாருங்கள்

நெட்வொர்க் பூட் உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் முதல் கருவி ஒரு கடிகாரம். கைப்பேசியின் கேமராவைத் திரையை நோக்கி நிறுத்தி, பவர் பொத்தானை அழுத்துவது முதல் உள்நுழைவுத் திரை வரை முழுவதையும் காணொளியாகப் பதிவுசெய்யுங்கள். ஒரு கணம் மட்டுமே தோன்றி மறையும் செய்திகளும் அதில் பதிவாகிவிடும். எந்தச் செய்திக்கும் எந்தச் செய்திக்கும் இடையே எத்தனை விநாடி கடந்தது என்பதைப் பிறகு நிதானமாகக் குறித்துக்கொள்ளலாம். ஒரு முறை பதிவுசெய்வது போதாது. இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்து, தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே அளவில் வருகிறதா, அல்லது மாறிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவில் வந்தால் டைமரைத் தேடுங்கள். மாறிக்கொண்டே இருந்தால் பாக்கெட் இழப்பையோ சர்வரின் சுமையையோ சந்தேகியுங்கள்.

இரண்டாவது கருவி பாக்கெட் பதிவு. சர்வரில் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் வயர்ஷார்க் அல்லது டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டுக் கணினியைத் தொடங்குங்கள். இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டிஎஃப்டிபிக்கு உரிய போர்ட் (தரவு எந்தச் சேவைக்கானது என்று குறிக்கும் எண்) 69 என்று நினைத்து அந்த எண்ணை மட்டும் வடிகட்டினால், கோப்பைக் கேட்கும் முதல் கோரிக்கை மட்டுமே தெரியும். தரவு முழுவதும் சர்வர் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் வேறொரு போர்ட்டிலிருந்து வருவதால் அது பதிவிலிருந்து விடுபட்டுவிடும். எனவே போர்ட்டை வைத்து வடிகட்டாமல், கணினியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை) வைத்து வடிகட்டுங்கள். கணினியும் சர்வரும் வெவ்வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவில்) இருந்தால் சர்வரில் அந்த மேக் முகவரி தெரியாது என்பதால், கணினிக்குக் கிடைக்கும் ஐபி முகவரியோடு டிஎச்சிபியின் 67, 68 போர்ட்களையும் சேர்த்து வடிகட்டுவதே வழி.

காணொளியையும் பாக்கெட் பதிவையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் உண்மை துலங்கும். திரையில் டிஎச்சிபி தொடங்கிய கணத்துக்கும் சர்வரில் முதல் டிஎச்சிபி கேள்வி பதிவான கணத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், நடுவில் கணினிகளை இணைக்கும் சுவிட்ச்தான் பாக்கெட்டை விடாமல் நிறுத்தியிருக்கிறது. டிஎச்சிபி பாக்கெட்டுக்குள் கடந்த விநாடிகளைக் குறிக்கும் ஒரு புலமும் உண்டு. பல ஃபர்ம்வேர்கள் அதை நிரப்புகின்றன. சர்வர் காணும் முதல் கேள்வியிலேயே அந்த எண் சுழியாக இல்லையென்றால், அதற்கு முன் அனுப்பிய கேள்விகள் வழியிலேயே தொலைந்துவிட்டன என்று பொருள். கேள்வி உடனே வந்து சேர்ந்தும் பதில் தாமதமானால் குற்றம் சர்வர் பக்கம். பதிலும் உடனே போய், கணினி அதை ஏற்காமல் மறுபடி கேட்டால், பதிலின் உள்ளடக்கத்தை ஆராய வேண்டும்.

சுவிட்ச் போர்ட் திறக்கும் நேரம்

மேலாண்மை வசதியுள்ள சுவிட்சுகள் இருக்கும் இடங்களில் நெட்வொர்க் பூட் தாமதத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்பேனிங் ட்ரீ என்ற சுவிட்ச் வசதியைத்தான். நெட்வொர்க்கில் சுழல் உண்டாகாமல் தடுப்பதற்காக, கேபிள் இணைப்பு உயிர்பெற்றவுடன் சுவிட்ச் அந்தப் போர்ட்டில் (இங்கே, கேபிள் செருகும் துளையில்) தரவை உடனே விடுவதில்லை. பழைய 802.1டி முறையின் இயல்பு அமைப்பில் 15 விநாடி கவனித்துக்கொண்டிருக்கும். இன்னொரு 15 விநாடி மேக் முகவரிகளைக் கற்றுக்கொள்ளும். அதன் பிறகே போர்ட் திறக்கும். ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ வந்த பிறகு இந்தத் தொல்லை தானாகவே நீங்கிவிட்டது என்று நம்புவது தவறு. மறுமுனையில் இருப்பது சுவிட்ச் அல்ல, சாதாரணக் கணினி என்று போர்ட்டுக்குத் தெரியாத வரை, புதிய முறையும் அதே 30 விநாடியைத்தான் எடுத்துக்கொள்ளும்.

இந்த 30 விநாடி பிஎக்ஸ்இயின் கால அட்டவணையோடு மோதும் விதம் கவனிக்கத்தக்கது. இன்டெல் 1999-இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 விவரக்குறிப்பின்படி, கணினி டிஎச்சிபி கேள்வியை அனுப்பிவிட்டு முதலில் 4 விநாடி, பிறகு 8, பிறகு 16, கடைசியாக 32 விநாடி காத்திருக்கும். அதாவது கேள்விகள் 0, 4, 12, 28 ஆகிய விநாடிகளில் புறப்படுகின்றன. 60-ஆவது விநாடியில் முயற்சி கைவிடப்படுகிறது. போர்ட் 30-ஆவது விநாடியில் திறக்கிறது என்று வைத்துக்கொண்டால், கடைசிக் கேள்வி அதற்கு இரண்டு விநாடிக்கு முன்பே புறப்பட்டுத் தொலைந்துவிட்டிருக்கும். கேபிள் இணைப்பு டிஎச்சிபிக்குச் சில விநாடி முன்னதாகவே உயிர்பெற்றிருந்தால் மட்டும் நான்காவது கேள்வி தப்பிச் சென்று பதில் பெறும். ஒரே அறையில், ஒரே சுவிட்சில், ஒரு கணினி அரை நிமிடம் தாமதித்துப் பூட் ஆவதும், அடுத்த கணினி ஒரு நிமிடம் காத்திருந்து தோற்பதும், தோற்றதே மறுமுறை வெற்றி பெறுவதும் இந்தச் சில விநாடி வேறுபாட்டால் நிகழக்கூடும்.

இது ஒரு முறையோடு முடிவதும் இல்லை. ஃபர்ம்வேர் ஒரு முறை கார்டை எழுப்புகிறது; ஐபிஎக்ஸ்இ போன்ற பூட்லோடர் தன் சொந்த டிரைவரைப் பயன்படுத்தினால் அது கார்டை மீட்டமைத்து இணைப்பை ஒரு கணம் அறுக்கிறது; கர்னலின் டிரைவரும் அதையே செய்கிறது. இணைப்பு அறுந்து மீளும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் தன் 30 விநாடிக் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். மூன்று இடங்களில் அரை நிமிடம் வீதம் ஒன்றரை நிமிடம் போய்விடும். திரையை மட்டும் பார்ப்பவருக்கு இவை மூன்றும் தொடர்பில்லாத மூன்று தாமதங்களாகவே தோன்றும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மேலாண்மை வசதி இல்லாத சிறிய சுவிட்ச் ஒன்றைக் கணினிக்கும் பெரிய சுவிட்சுக்கும் இடையே செருகி, அதற்கு மின்சாரம் கொடுத்து ஒரு நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு கணினியைத் தொடங்குங்கள். இப்போது கணினியின் கார்டு எத்தனை முறை இணைப்பை அறுத்தாலும் சிறிய சுவிட்சுக்கும் பெரிய சுவிட்சுக்கும் இடையிலான இணைப்பு அறுவதில்லை. எனவே பெரிய சுவிட்சின் போர்ட் திறந்தபடியே இருக்கும். தாமதம் மறைந்துவிட்டால், கோளாறு அந்தப் போர்ட் உயிர்பெறும் கட்டத்தில்தான் இருக்கிறது என்பது உறுதியாகிறது. எந்த மென்பொருள் ஆய்வையும்விட இந்தச் சோதனையையே முதலில் செய்ய வேண்டும் என்பேன்; சுவிட்சின் கடவுச்சொல்கூட இதற்குத் தேவையில்லை.

தீர்வு, மேசைக் கணினிகள் இணையும் போர்ட்களை எட்ஜ் போர்ட் என்று அறிவிப்பது. சிஸ்கோ சுவிட்சுகளில் இதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். பிற தயாரிப்புகளில் பெரும்பாலும் எட்ஜ் அல்லது அட்மின் எட்ஜ் என்றிருக்கும். அவ்வாறு அறிவித்த போர்ட் இணைப்பு வந்தவுடனே திறந்துவிடும். தாமதம் போக வேண்டும் என்பதற்காக ஸ்பேனிங் ட்ரீயை முழுவதுமாக அணைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரே கேபிளின் இரு முனைகளையும் யாரேனும் தவறுதலாக ஒரே சுவிட்சில் செருகினால் நெட்வொர்க் முழுவதும் நின்றுபோகும். எட்ஜ் என்று அறிவிக்கும் போர்ட்களில் பிபிடியூ கார்டு என்ற காவலையும் சேர்த்து இயக்குங்கள். அந்தப் போர்ட்டில் வேறொரு சுவிட்ச் இணைந்து ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட் தானாகவே மூடிக்கொள்ளும். சோதனைக்காகச் செருகிய சிறிய சுவிட்சையும் நிரந்தரமாக அங்கேயே விட்டுவிடாதீர்கள்.

போர்ட்டில் 802.1எக்ஸ் அடையாளச் சோதனை இயங்கினால் வேறொரு டைமர் வேலைசெய்யும். ஃபர்ம்வேருக்கு அந்தச் சோதனைக்குப் பதில் சொல்லத் தெரியாது. சுவிட்ச் மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் 30 விநாடி காத்திருந்து, பதில் வராத பிறகே மேக் முகவரியைக் கொண்டு அனுமதிக்கும் மாற்று வழிக்குப் போகும்படி அமைந்திருப்பது உண்டு. அந்த 90 விநாடிக்குள் பிஎக்ஸ்இயின் 60 விநாடி முடிந்துவிடும். மேக் முகவரிச் சோதனையை முதலில் வைப்பதோ, கேட்கும் இடைவெளியைச் சில விநாடிகளாகக் குறைப்பதோ தீர்வு. பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் ஒப்புதலோடு மட்டும் இதைச் செய்யுங்கள்.

டிஎச்சிபி பதில் தாமதமாவது

சுவிட்ச் சரியாக இருந்தும் டிஎச்சிபி கட்டத்தில் சில விநாடிகள் போனால், முதலில் சர்வரின் முகவரி மோதல் சோதனையைப் பாருங்கள். பல டிஎச்சிபி சர்வர்கள் ஒரு முகவரியைத் தருவதற்கு முன் அதை வேறு யாரும் பயன்படுத்துகிறார்களா என்று பிங் என்ற சோதனைப் பாக்கெட்டை அனுப்பிப் பார்த்து, ஒரு விநாடியோ சற்றுக் கூடுதலாகவோ காத்திருக்கின்றன. விண்டோஸ் டிஎச்சிபி சர்வரில் இந்த முயற்சிகளின் எண்ணிக்கையை 0 முதல் 5 வரை வைக்கலாம். யாரோ அதை 5 என்று வைத்திருந்தால், பதில் வருவதற்குள் கணினி தன் முதல் 4 விநாடியைக் கடந்து மறுபடி கேட்கத் தொடங்கியிருக்கும். பூட் கணினிகளுக்கு மேக் முகவரிப்படி நிலையான ஐபி முகவரிகளை ஒதுக்கிவிட்டால் இந்தச் சோதனைக்கான தேவையே பெரிதும் குறைந்துவிடும்.

ஐபி முகவரியை ஒரு சர்வரும் பூட் தகவலை வேறொரு சர்வரும் தரும் இடங்களில் இன்னொரு சிக்கல் எழும். இரண்டாவது சர்வரைப் ப்ராக்சி டிஎச்சிபி என்பார்கள். அது 4011 போர்ட்டையும் பயன்படுத்தும். முகவரி மட்டும் வந்து பூட் தகவல் வராதபோது, அது எங்கிருந்தாவது வரும் என்று கணினி காத்திருக்கும். இடையிலுள்ள ஃபயர்வால் 4011 போர்ட்டை மூடியிருந்தாலும், டிஎச்சிபி கேள்விகளை வேறு சப்நெட்டுக்குக் கடத்தும் ரிலே அமைப்பில் இரண்டாவது சர்வரின் முகவரி விடுபட்டிருந்தாலும் இதே காத்திருப்பு நேரும். யாரும் அறியாமல் நெட்வொர்க்கில் இணைந்த ரவுட்டர் ஒன்று தானும் டிஎச்சிபி பதில்களை அனுப்பிக் குழப்பியிருக்கிறதா என்பதையும் பாக்கெட் பதிவில் பாருங்கள். ஒரு கேள்விக்கு எதிர்பாராத முகவரியிலிருந்து பதில் வந்திருந்தால் அது தெளிவாகத் தெரியும்.

யூஇஎஃப்ஐ கணினிகளில் ஐபி முகவரியின் பழைய, புதிய வடிவங்களான ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் தனித்தனிப் பூட் பதிவுகள் இருக்கும். கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தால் நான்கு. பயன்படாத பதிவு வரிசையில் முன்னால் இருந்தால், அதன் காலக்கெடு முழுவதும் முடிந்த பிறகே சரியான பதிவுக்கு முறை வரும். உங்கள் நெட்வொர்க்கில் ஐபிவி6 வழி பூட் இல்லையென்றால் அந்தப் பதிவுகளை அணைத்துவிடுங்கள்.

டிஎஃப்டிபி ஏன் இவ்வளவு மந்தம்

டிஎச்சிபி உடனே முடிந்து, கோப்பு இறங்கும் கட்டத்தில்தான் நேரம் போகிறது என்றால், டிஎஃப்டிபியின் இயல்பைப் புரிந்துகொள்ளாமல் தீர்வு கிடைக்காது. 1992-இல் ஆர்எஃப்சி 1350 என்ற தர ஆவணமாக இன்றைய வடிவம் பெற்ற இந்த நெறிமுறை, சிறிய ரோம் சிப்புக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே மிக எளிமையாக அமைந்தது. சர்வர் 512 பைட் கொண்ட ஒரு துண்டை அனுப்பும். கணினி அது கிடைத்ததாகச் சொல்லும். அதன் பிறகே அடுத்த துண்டு புறப்படும். கற்களைக் கைமாற்றும் இருவரில், ஒருவர் ஒரு கல்லைக் கொடுத்துவிட்டு மற்றவர் 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லும் வரை அடுத்த கல்லை எடுக்காமல் நிற்பது போன்றது இது. கேபிளின் வேகம் எவ்வளவு இருந்தாலும் இந்த நிற்றலைப் போக்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 300 எம்பி அளவுள்ள கோப்பை 512 பைட் துண்டுகளாக்கினால் 6,14,400 துண்டுகள். ஒரு துண்டு போய்வர ஒரு மில்லிவிநாடி ஆனால் மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல். அதே கோப்பு ஜிகாபிட் இணைப்பின் முழு வேகத்தில் மூன்று விநாடிக்குள் வந்துவிடக்கூடியது. சர்வர் தொலைவில் இருந்து, போய்வர 20 மில்லிவிநாடி ஆகும் இணைப்பின் வழியாக இறக்கினால் மூன்றரை மணி நேரத்தை நெருங்கும். இணைய வேகத்தை உயர்த்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. குறைய வேண்டியது போய்வரும் எண்ணிக்கை.

1998-இல் வந்த ஆர்எஃப்சி 2348 துண்டின் அளவைப் பேசி முடிவுசெய்யும் வசதியைத் தந்தது. வழக்கமான ஈதர்நெட் பாக்கெட்டில் 1500 பைட் இடம் உண்டு. அதில் ஐபி தலைப்புக்கு 20, யூடிபிக்கு 8, டிஎஃப்டிபிக்கு 4 போக 1468 பைட் மிஞ்சும். அந்த அளவை வைத்தால் மேற்சொன்ன கோப்புக்கு ஏறத்தாழ 2,14,000 துண்டுகள். நேரம் மூன்றரை நிமிடம். 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7440, ஒப்புதலுக்குக் காத்திராமல் ஒரே நேரத்தில் பல துண்டுகளை அனுப்ப வழிசெய்தது. எட்டெட்டாக அனுப்பினால் அரை நிமிடமே போதும். இந்த இரண்டு வசதிகளையும் சர்வர், கணினி இரண்டுமே ஏற்க வேண்டும். பாக்கெட் பதிவில் கணினியின் முதல் கோரிக்கையைத் திறந்து பார்த்தால் அது என்ன அளவைக் கேட்டது என்பதும், அடுத்து வரும் பதிலில் சர்வர் எதற்குச் சம்மதித்தது என்பதும் எழுதப்பட்டிருக்கும். கேட்ட அளவைச் சர்வர் கண்டுகொள்ளாமல் 512-இலேயே நின்றால், மாற்ற வேண்டியது சர்வர் மென்பொருளையோ அதன் அமைப்பையோதான்.

துண்டு பெரிதானால் வேகமும் கூடும் என்று நினைத்து அளவை 8192 அல்லது 16384 என்று உயர்த்துவது ஆபத்தானது. 1500 பைட்டுக்கு மேற்பட்டது பல சிறு பாக்கெட்டுகளாக உடைந்து செல்லும். அவற்றில் ஒன்று தொலைந்தாலும் முழுத் துண்டும் வீண். சில ஃபர்ம்வேர்களுக்கு அவற்றை ஒட்டவைக்கவே தெரியாது. சில ஃபயர்வால்கள் உடைந்த பாக்கெட்டுகளை விடுவதில்லை. விபிஎன் போன்ற சுரங்கப் பாதை குறுக்கிட்டால் 1468 கூடப் பெரிதாகிவிடும். அங்கே 1400-க்குக் கீழே இறக்கிச் சோதியுங்கள். விண்டோஸ் நிறுவல் சேவையான டபிள்யூடிஎஸ் சர்வரில் சாளர அளவை (ஒரே நேரத்தில் அனுப்பும் துண்டுகளின் எண்ணிக்கையை) தானாக மாற்றிக்கொள்ளும் அமைப்பு ஒன்று டிஎஃப்டிபி பக்கத்தில் உண்டு. அது இயங்கும்போது பதிவிறக்கம் நின்று நின்று வந்தால், அதை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

பாக்கெட் இழப்பும் டிஎஃப்டிபியை வாட்டும். ஒரு துண்டு தொலைந்தால், மறுபடி அனுப்பும் டைமர் முடியும் வரை இரு பக்கமும் சும்மா இருக்கும். அந்த டைமர் பெரும்பாலும் ஒரு விநாடியோ அதற்கு மேலோ. ஆயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைவது சாதாரண உலாவலில் யாருக்கும் தெரியாது. ஆனால் 2,14,000 துண்டுகளில் அது 214 இழப்புகள். விநாடி வீதம் இன்னொரு மூன்றரை நிமிடம். பாக்கெட் பதிவில் ஒரே துண்டு எண் இரண்டு முறை வந்து, இடையில் முழு விநாடி இடைவெளி தெரிந்தால் இதுவே காரணம்.

என் முடிவான கருத்து இதுதான்: டிஎஃப்டிபியைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, அதன் வேலையைக் குறைப்பது மேல். சில நூறு கேபி அளவுள்ள பூட்லோடரை மட்டும் டிஎஃப்டிபி கொண்டுவரட்டும். அதன் பிறகு வரும் பெரிய கோப்புகள் எல்லாம் இணையத்தளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி நெறிமுறை வழியாக வரட்டும். எச்டிடிபி டிசிபியின் மேல் ஓடுவதால் ஒவ்வொரு துண்டுக்கும் நின்று காத்திருப்பதில்லை. ஐபிஎக்ஸ்இ, கிரப் ஆகிய பூட்லோடர்கள் எச்டிடிபி வழியாக இறக்கும் வசதி கொண்டவை. பழைய பூட்லோடரான பிஎக்ஸ்லினக்ஸிலும் அதற்கென்று தனி வடிவம் இருக்கிறது. 2015-இல் வெளியான யூஇஎஃப்ஐ 2.5 முதல் ஃபர்ம்வேரே நேரடியாக எச்டிடிபி மூலம் பூட் ஆகும் முறையும் வரையறுக்கப்பட்டுவிட்டது. உங்கள் கணினிகள் அதை ஏற்குமானால் டிஎஃப்டிபி முற்றிலும் தேவையற்றதாகிவிடும்.

ஐபிஎக்ஸ்இக்கு மாறும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அது தொடங்கியதும் தானும் ஒரு டிஎச்சிபி கேள்வியை அனுப்பும். கேட்பது ஐபிஎக்ஸ்இதான் என்று அடையாளம் கண்டு வேறு பதில் தரும்படி டிஎச்சிபி சர்வரை அமைக்காவிட்டால், அது தன்னையே மறுபடி மறுபடி இறக்கிக்கொண்டிருக்கும். அடுத்தது டிரைவர். ஐபிஎக்ஸ்இ தன் சொந்த டிரைவரோடு ஒரு வடிவிலும், ஃபர்ம்வேர் தரும் டிரைவரையே பயன்படுத்தும் இன்னொரு வடிவிலும் கிடைக்கிறது. ஃபர்ம்வேர் டிரைவர் மந்தமாக இருக்கும் கணினிகளில் முதல் வடிவும், சொந்த டிரைவர் ஒத்துவராத புதிய கார்டுகளில் இரண்டாம் வடிவும் நன்றாக ஓடும். இரண்டையும் ஓட்டி நேரத்தை ஒப்பிட்டு முடிவுசெய்யுங்கள்.

பிஎக்ஸ்லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. அது தன் அமைப்புக் கோப்பைத் தேடும்போது முதலில் கணினியின் தனி அடையாள எண், பிறகு மேக் முகவரி, பிறகு பதினறும (ஹெக்ஸாடெசிமல்) எண்ணில் எழுதிய ஐபி முகவரி, அதிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் குறைத்த பெயர்கள், கடைசியாகப் பொதுக் கோப்பு என்று பத்துக்கு மேற்பட்ட பெயர்களைக் கேட்கும். சர்வர் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று உடனே சொன்னால் இது கண்ணிமைக்கும் நேரம். சர்வரோ ஃபயர்வாலோ பதிலே சொல்லாமல் விட்டால், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காலக்கெடு கழிய வேண்டும். மேக் முகவரியின் பெயரில் ஒரு கோப்பை வைத்துவிட்டால் தேடல் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

கேபிளும் இணைப்பு வேகமும்

எச்டிடிபிக்கு மாறியும் பதிவிறக்கம் மந்தமாகவே இருந்தால், இணைப்பு எந்த வேகத்தில் அமைந்திருக்கிறது என்று சுவிட்சில் பாருங்கள். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. ஒரு ஜோடி பழுதானால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். 300 எம்பி கோப்பு ஜிகாபிட்டில் மூன்று விநாடி, 100 மெகாபிட்டில் 25 விநாடி, 10 மெகாபிட்டில் நான்கு நிமிடத்துக்கு மேல். அணைந்த நிலையில் மின்சாரத்தை மிச்சப்படுத்த 10 மெகாபிட்டில் உறங்கும் கார்டுகள் உண்டு. சில ஃபர்ம்வேர்கள் பூட் ஆகும்போதும் அந்த வேகத்தை உயர்த்துவதில்லை. ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பார்ப்பது நல்லது.

சுவிட்ச் போர்ட்டின் வேகத்தைக் கையால் நிலைப்படுத்தாதீர்கள். ஒரு பக்கம் 100 மெகாபிட் முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் தரவு செல்வது) என்று நிலைப்படுத்தி, மறுபக்கம் தானியங்கியாக விட்டால், தானியங்கிப் பக்கம் அரை டூப்ளெக்ஸாக அமைந்துவிடும். பிங் நன்றாக இருக்கும், பதிவிறக்கம் மட்டும் தவழும். 2010-இல் தரநிலையாக வந்த 802.3ஏஇசட் என்ற மின்சேமிப்பு வசதி சில கார்டு–சுவிட்ச் சேர்க்கைகளில் இணைப்பைத் தடுமாற வைப்பதும் உண்டு. அந்தப் போர்ட்டில் மட்டும் அதை அணைத்துச் சோதிக்கலாம்.

கர்னல் தொடங்கிய பிறகு

கோப்புகள் வேகமாக இறங்கியும் உள்நுழைவுத் திரை வரத் தாமதமானால், இனி பார்க்க வேண்டியது இயங்குதளத்தை. லினக்ஸ் கர்னல் தானே ஐபி முகவரி பெறும்படி அமைத்திருந்தால், இணைப்பு உயிர்பெறுவதற்காக இயல்பாக 120 விநாடி வரை காத்திருக்கும். கணினியில் இரண்டு கார்டுகள் இருந்து, எதைப் பயன்படுத்துவது என்று சொல்லாமல் விட்டால், கேபிள் செருகாத கார்டுக்காகவும் காத்திருப்பு நேரலாம். பூட் ஆன கார்டின் மேக் முகவரியைப் பூட்லோடரே கர்னலுக்குக் கடத்தும் அமைப்பு பிஎக்ஸ்லினக்ஸிலும் ஐபிஎக்ஸ்இயிலும் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள லினக்ஸில், எல்லாக் கார்டுகளும் தயாராகும் வரை காத்திருக்கும் சேவைக்கும் இயல்புக் காலக்கெடு 120 விநாடிதான். எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைச் சிஸ்டம்டி அனலைஸ் கருவி வரிசைப்படுத்திக் காட்டும்.

பல கணினிகள் ஒரே நேரத்தில்

ஒரு கணினி வேகமாகவும் முப்பது கணினிகள் சேர்ந்து தொடங்கும்போது மெதுவாகவும் இருந்தால், மேலே சொன்ன எதுவும் காரணம் அல்ல. சர்வரின் கொள்ளளவுதான் எல்லை. ஒவ்வொன்றும் 500 எம்பி இறக்கினால் மொத்தம் 15 ஜிபி. சர்வரின் ஜிகாபிட் கார்டு விநாடிக்கு 115 எம்பி அளவில் தரும் என்று கொண்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குக் கீழே எந்த அமைப்பு மாற்றமும் கொண்டுபோகாது. சர்வருக்கு 10 ஜிகாபிட் இணைப்பு கொடுப்பது, தொடக்க நினைவக வட்டில் தேவையற்ற டிரைவர்களை நீக்கி அதைச் சிறிதாக்குவது, முழு இயங்குதளப் படிமத்தையும் முன்கூட்டியே இறக்காமல் தேவைப்படும் பகுதியை மட்டும் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு வழியாகப் படிக்கவிடுவது ஆகியவை வழிகள். கணினிகளைச் சில விநாடி இடைவெளிவிட்டுத் தொகுதி தொகுதியாக எழுப்பினால் டிஎச்சிபி, டிஎஃப்டிபி காலக்கெடுக்கள் நெரிசலில் தவறுவது குறையும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு நேரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியான பிறகு, நன்றாகப் பூட் ஆகும் ஒரு முறையின் பாக்கெட் பதிவைக் கோப்பாகச் சேமித்துவையுங்கள். சுவிட்சை மாற்றிய பிறகோ ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகோ மறுபடி தாமதம் தலைகாட்டினால், புதிய பதிவை அதோடு ஒப்பிட்டு எந்தப் பாக்கெட்டில் நேரம் பிசகுகிறது என்பதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம்.